விசா கேள்வி–பதில்: விண்ணப்பம் உங்களுடையது

கேள்வி: எண்ணூர் லாரி தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மகன் அமெரிக்காவில், டெக்சாஸில் இருக்கிறான். நானும் மனைவியும் மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வர ஆசைப்படுகிறோம். அவனுடைய சம்பளச் சீட்டு, பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரம், நோட்டரி முத்திரையோடு ஸ்பான்சர் லெட்டர் எல்லாம் அனுப்பியிருக்கிறான். இன்டர்வியூவில் எதை முதலில் காட்டுவது?
– காலடிப்பேட்டை வாசகர்

பதில்: எதையும் நீங்களாக நீட்ட வேண்டாம், கேட்டால் கொடுங்கள். அமெரிக்க விசிட்டர் விசாவுக்கு அழைப்புக் கடிதமோ ஸ்பான்சர் பத்திரமோ தேவையில்லை என்று அந்நாட்டு வெளியுறவுத் துறையே சொல்கிறது. அதற்கான காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 214-பி பிரிவு, விசா கேட்டு வருகிறவரை அங்கேயே தங்கிவிட நினைப்பவராகத்தான் முதலில் கருதச் சொல்கிறது. அப்படி இல்லை என்று அதிகாரியை நம்பவைக்கும் பொறுப்பு விண்ணப்பிப்பவருடையது. மகனுக்கு அங்கே பெரிய வீடும் நல்ல சம்பளமும் இருப்பது நீங்கள் போவதற்குக் காரணம். நீங்கள் திரும்பி வருவதற்கு என்ன காரணம் என்பதைத்தான் அதிகாரி தேடுகிறார். அது உங்கள் சொந்த வீட்டில் இருக்கிறது, ஓய்வுக்காலப் பணத்தில் இருக்கிறது, இங்கே உங்களை நம்பியிருக்கும் மற்ற பிள்ளைகளிடம் இருக்கிறது. அதையெல்லாம் நீங்கள்தான் உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

மகன் உண்மையில் உதவக்கூடிய இடம் டிஎஸ்-160 என்ற விசா விண்ணப்பப் படிவம். இதற்கு முன் விசா மறுக்கப்பட்டதா, அமெரிக்காவில் நெருங்கிய உறவினர் யார் யார், உங்களுக்காக எவராவது குடியேற்ற மனு போட்டிருக்கிறார்களா என்றெல்லாம் அதில் கேட்பார்கள். மகன் குடியுரிமை வாங்கி, உங்களுக்குக் கிரீன் கார்டு மனு போட்டிருந்தால் “ஆம்” என்றுதான் எழுத வேண்டும். அந்த மனு அவர்கள் அரசிடம்தான் இருக்கிறது. படிவம் நிரப்ப யாராவது உதவினார்களா என்றும் ஒரு கேள்வி வரும். மகன் பெயரைத் தயங்காமல் எழுதுங்கள். யார் நிரப்பினாலும், கையொப்பமிட்டுச் சமர்ப்பிப்பதற்கான பொத்தானை அழுத்த வேண்டியவர் நீங்கள். அதற்கு முன் மகனைத் தொலைபேசியில் ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் இன்டர்வியூவுக்குப் போகும் பெற்றோர்தான் முதல் கேள்வியிலேயே தடுமாறுகிறார்கள்.

கேள்வி: எனக்கு ஆங்கிலம் வராது. பேரனைத் துணைக்கு அழைத்துப் போகலாமா?
– ராயபுரம் வாசகி

பதில்: வேண்டாம். சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பதில் சொல்லலாம். செல்போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: டிக்கெட் விலை ஏறிக்கொண்டே போகிறது. விசா வருமுன் எடுத்து வைக்கலாமா?
– தண்டையார்பேட்டை வாசகர்

பதில்: கூடாது. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குப் பயண முன்பதிவு காட்ட வேண்டியிருக்கும். அதற்கும் ரத்து செய்யக்கூடிய முன்பதிவே போதும்.

கேள்வி: மகன் லண்டனில் வேலை பார்க்கிறான். ஒரு மாதம் வந்து இருங்கள் என்கிறான். எங்கள் கணக்கில் நாற்பதாயிரம் ரூபாய்தான் இருக்கிறது. எட்டு லட்சம் காட்டினால்தான் விசா வரும், பதினைந்து நாளைக்கு நானே போட்டு வைக்கிறேன், வட்டி மட்டும் கொடுங்கள் என்கிறார் ஏஜென்ட். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்களாம். செய்யலாமா?
– திருவொற்றியூர் வாசகி

பதில்: செய்யாதீர்கள் அம்மா. இதைச் சற்று நீளமாகவே சொல்ல வேண்டும். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத குடும்பங்களைப் பொய் சொன்னவர்களாக ஆக்கிவிடுவது இந்த ஒரு யோசனைதான்.

பிரிட்டனின் விசிட்டர் விசாவுக்குப் பெரும்பாலும் இன்டர்வியூ கிடையாது. உங்களைப் பார்த்திராத ஓர் அதிகாரி தாள்களை மட்டும் வைத்து முடிவெடுக்கிறார். கடைசி நாளன்று எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும் அவர் பார்ப்பதில்லை. மாதாமாதம் என்ன வந்தது, என்ன போனது, அது நீங்கள் படிவத்தில் எழுதிய வருமானத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கிறார். சில ஆயிரங்கள் வந்துபோகும் கணக்கில் திடீரென்று எட்டு லட்சம் விழுந்தால் அது பளிச்சென்று கண்ணில் படும். வழக்கத்துக்கு மாறான தொகை இருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று காட்டும்படி பிரிட்டன் அரசின் வழிகாட்டிக் குறிப்பே சொல்கிறது. வட்டிக்கு வாங்கிய பணத்துக்கு நீங்கள் எந்த ஆதாரத்தைக் கொடுப்பீர்கள்?

இதில் வேதனை என்னவென்றால், அந்தப் பொய்க்குத் தேவையே இல்லை. பயணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாவற்றையும் வேறொருவர் ஏற்றுக்கொள்வதை பிரிட்டனின் விசிட்டர் விதிகள் வெளிப்படையாகவே அனுமதிக்கின்றன. அவருக்கும் உங்களுக்கும் உண்மையான உறவு இருக்க வேண்டும், அவர் அங்கே சட்டப்படி இருக்க வேண்டும், அவரால் அந்தச் செலவைத் தாங்க முடிய வேண்டும், அவ்வளவுதான். உங்கள் மகன் இந்த மூன்றுக்கும் பொருந்துகிறான். ஆகவே “எங்கள் வருமானம் இவ்வளவு, கணக்கில் இருப்பது நாற்பதாயிரம், செலவை மகன் ஏற்கிறான்” என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மகன் தன் சம்பளச் சீட்டு, ஸ்டேட்மென்ட், விசா நகல், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை அழைக்கிறேன் என்று ஒரு பக்கக் கடிதம் தரட்டும். அவன் உங்கள் மகன் என்பதற்குப் பிறப்புச் சான்றிதழை வையுங்கள். அவன் பணம் அவன் கணக்கிலேயே இருக்கட்டும். உங்கள் கணக்குக்கு வந்துதான் ஆக வேண்டும் என்றால், அனுப்பியவர் அவன்தான் என்று கடிதத்திலேயே எழுதிவிடட்டும்.

அமெரிக்காவுக்கு மகனின் தாள்களை நீட்ட வேண்டாம் என்று மேலே சொல்லிவிட்டு இங்கே வேண்டும் என்கிறீர்களே என்று கேட்கலாம். நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. கனடா பெற்றோருக்குத் தரும் சூப்பர் விசாவில் அழைக்கும் பிள்ளையின் வருமானம் கட்டாய நிபந்தனை. பிரான்சுக்குப் போய் உறவினர் வீட்டில் தங்குவதென்றால் அவர் தம் ஊர் நகராட்சியில் வாங்கிய சான்று தேவை. ஆனால் இந்த எல்லாத் தாள்களும் சொல்வது, வருகிறவருக்கு அங்கே சோறும் இடமும் கிடைக்கும் என்பதை மட்டும்தான். குறித்த நாளில் அவர் ஊர் திரும்புவார் என்பதை மகனின் எந்தத் தாளாலும் சொல்ல முடியாது. பிரிட்டனிலும் உங்கள் வீட்டு வரி ரசீது, வேலை அல்லது ஓய்வூதியச் சான்று, இங்கிருக்கும் குடும்பத்தின் விவரம் ஆகியவைதான் அந்தக் கேள்விக்குப் பதில்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு இதே ஏஜென்ட் பணம் போட்டு விசா வாங்கித் தந்தாரே என்பது அடுத்த வாதம். கிடைத்தவர் தெருவெல்லாம் சொல்வார், மறுக்கப்பட்டவர் வெளியே சொல்லமாட்டார். கிடைத்தவருக்கும் அந்தப் பணத்தால்தான் கிடைத்தது என்று எப்படித் தெரியும்? மாட்டிக்கொண்டால் வரும் விளைவு மட்டும் நிச்சயம். விண்ணப்பத்தில் ஏமாற்றியதாக முடிவானால் பிரிட்டன் 10 ஆண்டுகள் தடை விதிக்கலாம். கனடாவில் தவறான தகவலுக்கு 5 ஆண்டுகள். ஆஸ்திரேலியாவில் 3 ஆண்டுகள். அமெரிக்காவில் முக்கியமான விஷயத்தில் பொய் சொன்னால், தனி விலக்கு கிடைத்தால் ஒழிய, ஆயுளுக்கும் தடை. அந்தக் கோப்பில் ஏஜென்ட் பெயர் இருக்காது. உங்கள் பெயரும் கையொப்பமும்தான் இருக்கும்.

கடைசியாக ஒரு கேள்வி, அதுதான் நியாயமானது. ஏழைகள் உண்மையைச் சொன்னால் விசா கிடைத்துவிடுமா? கிடைக்காமலும் போகலாம். சொத்தும் சம்பளச் சீட்டும் உள்ளவருக்கு எளிதாகவும், கூலிக்கு உழைப்பவருக்குக் கடினமாகவும் இருக்கும் முறைதான் இது. அதை நியாயம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் உண்மையைச் சொல்லி மறுக்கப்பட்டவர் நாளைக்கே மறுபடி விண்ணப்பிக்கலாம். பொய்யோடு பிடிபட்டவருக்கு அந்த வழி பல ஆண்டுகளுக்கு அடைபடுகிறது. குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு பிரிட்டனில் இருந்த மேல்முறையீட்டு உரிமையை 2013 ஜூனில் எடுத்துவிட்டார்கள். கட்டிய கட்டணமும் திரும்பாது. கையில் இருப்பது குறைவு என்றால், பொய்யால் இழப்பதும் உங்களுக்குத்தான் அதிகம். மகன் திருமணம், பேரக்குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று அடுத்தடுத்து வரும் எல்லாவற்றையும் ஒரு பதினைந்து நாள் பணத்துக்காகப் பணயம் வைக்காதீர்கள்.

கேள்வி: காசிமேட்டில் விசைப்படகு வைத்திருக்கிறேன். சம்பளச் சீட்டு கிடையாது, வருமான வரிக் கணக்கும் தாக்கல் செய்ததில்லை. கனடாவில் மகளுக்கு மே மாதம் பிரசவம். பிரசவம் என்று சொல்லாதீர்கள், சுற்றிப் பார்க்க என்று எழுதுங்கள் என்கிறார்கள்.
– காசிமேடு வாசகர்

பதில்: பிரசவம் என்றே எழுதுங்கள். மகளின் பிள்ளைப்பேற்றுக்குத் தாயும் தகப்பனும் போவதைவிட நேரான காரணம் எது? அங்கே மருத்துவர் கொடுத்த, தேதி குறித்த கடிதத்தை மகள் அனுப்பட்டும். சூப்பர் விசா இதற்கு அவசியமில்லை. 2011 டிசம்பரில் வந்த அந்த விசாவில் ஒரு வருகைக்கு 5 ஆண்டுகள் வரை தங்கலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒரு லட்சம் கனடிய டாலர் மருத்துவக் காப்பீடு, மருத்துவப் பரிசோதனை, மகள் வீட்டு வருமான அளவு என்று நிபந்தனைகள் உண்டு. இரண்டு மாதத்துக்குப் போகிறவருக்குச் சாதாரண விசிட்டர் விசா போதும். பொதுவாக 6 மாதம் வரை அனுமதிப்பார்கள். காப்பீடு கட்டாயமில்லை என்றாலும் எடுத்துக்கொண்டு போங்கள்.

வருமானச் சான்று இல்லை என்று ஏன் நினைக்கிறீர்கள்? படகின் பதிவுச் சான்று மீன்வளத் துறையில் இருக்கிறது. மீனவர் கூட்டுறவுச் சங்க உறுப்பினர் அட்டை, ஏலக் கணக்குச் சீட்டுகள், டீசல் ரசீது, பாஸ்புக் எல்லாம் உங்கள் தொழிலைச் சொல்பவை. அதைவிடப் பெரிய சான்று காலண்டரில் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். “படகு கரையில் நிற்கும் இந்த இரண்டு மாதத்தில் மகளோடு இருந்துவிட்டு, தடை முடிந்ததும் தொழிலுக்குத் திரும்புகிறேன்” என்று கடிதத்தில் எழுதி, அரசாணை நகலையும் சேர்த்துவிடுங்கள். கடலுக்குப் போகிறவரைக் கரைக்கு அழைக்கும் தேதியை அரசே எழுதித் தந்திருக்கும்போது, சுற்றுலா என்று ஒரு பொய் எதற்கு? விரைவாக விண்ணப்பியுங்கள். பல வாரங்கள் ஆகும்.

கேள்வி: எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அத்தை மகளும், பாரிஸிலிருந்து அவள் தங்கையும் வருகிறார்கள். ஒருத்திக்கு இலங்கை பாஸ்போர்ட், இன்னொருத்திக்கு பிரெஞ்சு பாஸ்போர்ட். இங்கிருந்து நான் என்ன செய்ய வேண்டும்?
– காலடிப்பேட்டை வாசகி

பதில்: இருவருமே இந்தியாவின் இ-விசா பெறத் தகுதியானவர்கள். இலங்கையருக்கு இந்த வசதி 2015 ஏப்ரலில் வந்தது. உறவினரைப் பார்க்க வருவதும் சுற்றுலா இ-விசாவில் அடங்கும். விண்ணப்பத்தை அவரவர் தம் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தாமே நிரப்பட்டும். அரசு இணையதளத்தைப் போலவே தோற்றம் காட்டிக் கூடுதல் கட்டணம் பிடுங்கும் தளங்கள் ஏராளம். முகவரி இந்திய அரசின் ‘கவ்.இன்’ என்று முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இந்தியாவில் தெரிந்தவர் யார் என்ற இடத்தில் உங்கள் பெயர், முழு முகவரி, எப்போதும் எடுக்கும் தொலைபேசி எண் ஆகியவற்றைக் கொடுங்கள்.

பலர் மறந்துவிடுவது இனிமேல்தான். வெளிநாட்டவர் உங்கள் வீட்டில் தங்கினால், வந்த 24 மணி நேரத்துக்குள் அவர்களைப் பற்றிய விவரத்தை (முன்பு ‘சி’ படிவம் எனப்பட்டது) இணையம் வழியாகக் கொடுக்க வேண்டிய பொறுப்பு வீட்டுக்காரரான உங்களுடையது. லாட்ஜுக்கு மட்டும்தான் இந்த விதி என்று நினைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் நுங்கம்பாக்கம் சாஸ்திரி பவனில் உள்ள வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் கேளுங்கள். கல்யாண அலைச்சலில் விட்டுவிட்டால் அடுத்த முறை அவர்களுக்குத்தான் சிக்கல்.

கேள்வி: சென்ற மாதம் அமெரிக்க விசா மறுத்துவிட்டார்கள். உடனே மறுபடி விண்ணப்பிக்கலாமா?
– எர்ணாவூர் வாசகர்

பதில்: சட்டப்படி தடையில்லை. ஆனால் சென்ற முறைக்கும் இந்த முறைக்கும் உங்கள் வாழ்க்கையில் என்ன மாறியிருக்கிறது? வேலையா, குடும்ப நிலையா, பயணத்தின் காரணமா, சென்ற முறை தவறாக நிரப்பிய ஒரு பதிலா? அதை ஒரே வரியில் சொல்ல முடிந்தால், முந்தைய மறுப்பை மறைக்காமல் எழுதி விண்ணப்பியுங்கள். முடியாவிட்டால் கட்டணப் பணத்தை வைத்துக்கொண்டு, இந்த ஆண்டு பிள்ளையை இங்கே வரச் சொல்லுங்கள்.