பொறியின் மீகாமன்

யானைக்கு அங்குசமும் குதிரைக்குக் கடிவாளமும் எவ்வாறு இன்றியமையாதனவோ, அவ்வாறே ஆற்றல் மிக்க பொறிக்கும் அதனை அடக்கி ஆளும் கருவி ஒன்று இன்றியமையாதது. அக்கருவியைக் கவர்னர் என்பர். மரக்கலத்தின் சுக்கானைப் பிடிக்கும் மீகாமனைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று பிறந்தது அப்பெயர். தமிழில் அதனை வேக ஆளி எனலாம்.

இக்கருவி நீராவிப் பொறிக்கென முதலில் தோன்றியதன்று. காற்றாலைகளில் மாவரைக்கும் கற்களின் இடைவெளியைச் சீராக்குதற்கு இத்தகைய அமைப்பை இங்கிலாந்து நாட்டார் முன்னரே கையாண்டனர். 1788ஆம் ஆண்டில் மாத்யு போல்டன் என்பார் இலண்டன் மாநகரத்து ஆல்பியன் ஆலையில் அதன் செயலைக் கண்டு, தம் கூட்டாளியாகிய ஜேம்ஸ் வாட்டுக்கு எழுதினார். வாட் அதனை நீராவிப் பொறியின் வேகத்தை ஆளுமாறு அமைத்தார். ஆயினும் அதற்கு அவர் காப்புரிமை பெற்றாரல்லர். கருத்து முன்னரே வழங்கிவந்ததன்றோ!

மண்ணைத் தள்ளிச் சமன் செய்யும் புல்டோசரின் டீசல் பொறியிலும் இந்நெறியே பயில்கின்றது. எரிபொருள் பம்பினோடு இணைந்து சுழலும் தண்டில் எடைகள் கீல்களில் பொருத்தப்பட்டிருக்கும். பொறி விரையுங்கால் அவை புறநோக்கி விரியும். ஒரு சுருள்வில் அவற்றை எதிர்த்து அழுத்தும். எடைகளின் விசை மிகுந்தால், பம்பிலுள்ள பற்சட்டம் ஒருபுறம் நகர்ந்து எரிபொருள் குறையும். வில்லின் விசை மிகுந்தால், சட்டம் மறுபுறம் நகர்ந்து எரிபொருள் பெருகும். இருவிசையும் ஒத்து நிற்கும் நிலையிலே வேகம் நிலைபெறும். ஓட்டுநர் நெம்புகோலைத் தள்ளும்போது வில்லின் இறுக்கத்தையே மாற்றுகின்றார். எஞ்சியதை ஆளி பார்த்துக்கொள்கின்றது. அலகு பாறையில் முட்டினால் பொறி சற்றே தளரும். உடனே எரிபொருள் மிகும். பாறை உருண்டு சுமை நீங்கினால் எரிபொருள் குறையும். இவையெல்லாம் மனிதர் கை படாமலே நிகழ்கின்றன.

இக்காலத்துப் புதிய பொறிகள் பலவற்றில் மின்னணுக் கருவிகளே இப்பணியைச் செய்கின்றன. எனினும், பழைய பொறிகள் பலவற்றில் எடையும் வில்லும் கொண்ட ஆளியே இன்றும் உழைக்கின்றது. அது பழுதுற்றதுபோலத் தோன்றுங்கால் செய்யத் தக்கது யாது?

பயிற்சி இல்லாதார் பலர் உடனே திருப்பியை எடுத்து, ஆளியின் திருகை முடுக்குவர். இது பெரும்பிழை. உச்ச வேகத்தை வரையறுக்கும் திருகைப் பொறி செய்தோர் அளந்து வைத்துக் கம்பியும் ஈயமும் கொண்டு முத்திரையிட்டிருப்பர். அம்முத்திரையை உடைப்பவர் நோயைத் தீர்ப்பவரல்லர், நோயை மறைப்பவர். சுழலும் பொருளில் எழும் புறநோக்கு விசை வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும். வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். வரம்பு கடந்தால் சுழல் சக்கரமே சிதறி, அருகிருப்போர் உயிருக்கும் இறுதி நேரலாம்.

ஆதலின் அறிவுடைய பணியாளர் முதற்கண் குறியை ஆராய்வார். கேட்ட ஓசையை மட்டும் நம்பாது, கருவி கொண்டு சுற்றுகளை அளப்பார். பின்னர் எளிதிற் காணத்தக்கவற்றினின்று தொடங்கி, உள்ளே மறைந்தவற்றிற்குச் செல்வார்.

சுமை ஏறியதும் பொறி பெரிதும் தளருமாயின், அது ஆளியின் குற்றம் ஆகாமலிருக்கலாம். காற்று வடிகட்டியில் தூசி அடைத்திருக்கலாம். எரிபொருள் வடிகட்டி அழுக்கேறியிருக்கலாம். நெம்புகோல் தன் எல்லைவரை செல்லாதவாறு இணைப்புத் தண்டு வளைந்திருக்கலாம். இவற்றைப் பாராது ஆளியைப் பிரிப்பது வீண் உழைப்பேயாகும்.

வேகம் ஏறுவதும் இறங்குவதுமாக ஓயாது அலைந்தால், அதனை ஆங்கிலேயர் வேட்டையாடுதல் எனப் பொருள்படும் சொல்லாற் குறிப்பர். தனக்குரிய வேகத்தைத் தேடித் தேடிப் பொறி திரிதலின் இப்பெயர் பொருந்தும். எரிபொருளிற் கலந்த காற்று, தேய்ந்த ஊசிகளால் இணைப்புகளில் உண்டான தளர்ச்சி, தடையின்றி நகராத பற்சட்டம் ஆகியவை இதற்குக் காரணங்களாம். காற்றை வெளியேற்றியும், இணைப்புகளை அசைத்துப் பார்த்தும், நின்ற பொறியிற் சட்டத்தை மெல்ல நகர்த்தியும் இவற்றை அறியலாம். இவை யாவும் செம்மையாயிருப்பின், அதன் பின்னரே தளர்ந்த வில்லையும் தேய்ந்த எடைகளையும் ஐயுறல் வேண்டும். இவ்வலைவு எப்பொழுது தணியும், எப்பொழுது வளரும் என்பதனை ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல் என்னும் அறிஞர் 1868ஆம் ஆண்டில் கணித வாயிலாக ஆராய்ந்து எழுதினார்.

பொறி கட்டுக்கடங்காது விரைவது மூன்றாவதும் கொடியதுமான குறியாகும். எரிபொருள் மிகும் நிலையிற் பற்சட்டம் சிக்கிக்கொள்வதால் இது நேரலாம். அப்பொழுது எரிபொருளை உடனே நிறுத்துதல் வேண்டும். நிறுத்தியும் பொறி ஓயவில்லையாயின், அது தன் மசகெண்ணெயையே எரித்து ஓடுகின்றது என்க. அந்நிலையிற் காற்று புகும் வாயை அதற்கென அமைந்த மூடியால் அடைத்தலே வழி. கையால் மூட முயலுதல் ஒருபோதும் கூடாது. ஆளியைப் பழுதுபார்த்தபின் பொறியை முதன்முறை இயக்குமுன், அதனை நிறுத்தும் வழியை ஆயத்தமாக வைத்திருத்தல் பணியாளர் கடனாகும்.

முறை தவறாது ஒவ்வொன்றாக ஆராய்பவர்க்குப் பொறி தன் குறையை மறைப்பதில்லை. காணப்படுவது குறியே, காரணம் வேறிடத்தே இருக்கலாம். குறியைக் கண்டு சினந்து கைவைக்காது, காரணத்தைக் கண்டு அமைந்து கைவைத்தலே தொழிலறிவாம். வேகத்தை ஆளும் கருவியைத் திருத்தப் புகுவோர்க்குத் தம் விரைவை ஆளும் பொறுமையும் வேண்டும்.

வினாக்கள்

1. கவர்னர் என்னும் சொல்லின் பிறப்பு யாது?
2. சுமை மிகும்போது வேக ஆளி எவ்வாறு செயற்படுகின்றது?
3. முத்திரையிட்ட திருகைத் தொடலாகாது என்பது ஏன்?
4. வேகம் ஓயாது அலைவதற்குரிய காரணங்களை முறைப்படுத்தி எழுதுக.