வீட்டுத் தச்சுப் பட்டறைக்கு எவ்வளவு இடம் வேண்டும்?

பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியற்காலையிலேயே வேலையைத் தொடங்கிவிடுவதால், பிற்பகலில் அவர்களுக்குச் சில மணி நேரம் ஓய்வு கிடைக்கிறது. தச்சு வேலை தெரிந்தவர்கள் அந்நேரத்தில் நாற்காலி, அலமாரி, கோழிக்கூடு முதலியவற்றைச் செய்து குடும்ப வருமானத்தைப் பெருக்கிக்கொள்ளலாம். ஆனால், கம்பத்திற்கும் கூரைத் தகரத்திற்கும் பணத்தைச் செலவிட்டுக் கொட்டகை போட்டபின், இடம் போதவில்லை என்று உணர்வது பெரும் இழப்பாகும். ஆகவே, தேவையான இடத்தை முன்கூட்டியே கணக்கிடும் முறையை இங்குக் காண்போம்.

மரமே அளவுகோல்

பட்டறையின் அளவை அறையின் வசதியைக் கொண்டோ, கருவிகளின் எண்ணிக்கையைக் கொண்டோ முடிவு செய்தல் கூடாது. நாம் கையாளும் மிக நீண்ட பலகை எது? அதை அறுக்கும்போதும் இழைக்கும்போதும் நம் உடல் அசைய எவ்வளவு இடம் வேண்டும்? இவ்விரு வினாக்களுக்கும் விடை கண்டால் அளவு தானே கிடைத்துவிடும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 5 அடி நீளமும் 2 அடி அகலமும் உள்ள வேலை மேசையில் 8 அடிப் பலகையை வைத்தால், இருபுறமும் ஒன்றரை அடி வெளியே நீண்டிருக்கும். ஒரு முனையில் நின்று அறுப்பதற்கு மேலும் 2 அடி தேவை. ஆக, நீளம் 10 அடி. அகலத்தில் மேசைக்கு 2 அடி, ஆள் நின்று இழைப்பதற்கு 4 அடி, எதிர்ச்சுவரில் பலகைகளை அடுக்குவதற்கு 2 அடி. ஆக மொத்தம் 8 அடி. கைக்கருவிகளைக் கொண்டு வேலை செய்பவருக்கு இந்த 80 சதுர அடி போதுமானது. மேசையின் ஒரு முனையை வாசலுக்கு நேராக அமைத்தால், நீண்ட பலகை வெளியே நீள வழி கிடைக்கும். அறையின் நீளத்தையும் குறைத்துக்கொள்ளலாம்.

மின்சார வட்ட வாளுக்குக் கணக்கு வேறு. 8 அடிப் பலகையை நீளவாக்கில் அறுக்க, வாளுக்கு முன்னே 8 அடியும் பின்னே 8 அடியும், வாள் மேசைக்கு 3 அடியும், ஆக 19 அடி வேண்டும். இவ்வளவு இடம் இல்லாதவர்கள் கைவாளையே பயன்படுத்துவது நல்லது. இடநெருக்கடியில் சுழலும் வாளை இயக்குவது கைவிரல்களுக்கு ஆபத்தாகும்.

மறத்தலாகாதவை

செய்து முடித்த அலமாரி வாசல் வழியே வெளியேற வேண்டும். ஆதலால், வாசலின் அகலத்தை முதலிலேயே அளந்துகொள்க. பெரிய பொருள்களை முற்றத்தில் வைத்துப் பூட்டுவது சிறப்பு.

பதப்படுத்தாத ரப்பர் மரத்தைப் பூஞ்சணமும் வண்டும் விரைவில் தாக்கும். ஆகவே, பதப்படுத்தி உலர்த்திய பலகைகளையே வாங்கி, தரையில் படாமல் அடுக்குக. மரத்தூள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995ஆம் ஆண்டில் வகைப்படுத்தியுள்ளது. எனவே, குழந்தைகள் உறங்கும் அறையையோ சமையலறையையோ பட்டறையாக்குதல் கூடாது. காற்றோட்டமான தனி இடமே ஏற்றது.

தோட்ட வீடு நிர்வாகத்தின் உடைமை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். கொட்டகை போடுமுன் நிர்வாகத்தின் அனுமதியை எழுத்து மூலம் பெறுக. வேலையிலிருந்து ஓய்வு பெறுங்கால் வீட்டைக் காலி செய்ய நேரிடும். எனவே, மேசையை ஆணியால் அடித்துவிடாமல், கழற்றிப் பூட்டத்தக்க திருகாணிகளால் அமைத்தால், செல்லுமிடத்திற்கு அதையும் கொண்டு செல்லலாம்.

இறுதியாக ஒரு பயிற்சி: இன்றே முற்றத்தில் சுண்ணாம்பால் 10 அடிக்கு 8 அடிக் கோடு வரைந்து, மேசை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெட்டியை வையுங்கள். நீண்ட பலகை ஒன்றைக் கையில் ஏந்தி, கோட்டைத் தாண்டாமல் திருப்பிப் பாருங்கள். எங்கே இடிக்கிறதோ அங்கே அளவைத் திருத்துங்கள். சுண்ணாம்புக் கோட்டை அழிப்பதற்குச் செலவில்லை. நட்ட கம்பத்தைப் பிடுங்குவதற்குச் செலவுண்டு.