தலைமுறையுரிமை: வரிமீன் முட்டையிலிருந்து மனிதத் தோல் வரை

தலைமுறையுரிமை அலகில் மெண்டலின் பட்டாணிச் செடியை மட்டும் மனனம் செய்துகொண்டு பரீட்சை மண்டபத்துக்குச் செல்லும் மாணவர் பலர். வினாவில் பட்டாணிக்குப் பதிலாக முயலோ மீனோ வந்தால் தடுமாறி விடுகின்றனர். எனவே இங்கு ஒரு மீனை எடுத்துக்கொள்வோம். அலங்கார மீன் கடைகளில் கருநீல வரிகளுடன் விற்கப்படும் சிறிய வரிக்குதிரை மீனே அது. இனி அதனை வரிமீன் எனக் குறிப்பிடுவோம்.

கங்கையாற்று மீன்களைப் பற்றி 1822இல் நூல் வெளியிட்ட பிரான்சிஸ் ஹமில்டன் இம்மீனை முதன்முதலில் விபரித்தார். இதன் விஞ்ஞானப் பெயர் டேனியோ ரேரியோ. இலங்கை இதன் இயற்கை வாழிடம் அன்று. எனினும் இதன் உறவினங்களான டெவாரியோ மீன்கள் நமது ஓடைகளில் வாழ்கின்றன.

ஆய்வுக்கு ஏன் இந்த மீன்?

பெண்மீன் ஒரே தடவையில் நூற்றுக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. கருக்கட்டல் உடலுக்கு வெளியே நிகழ்கிறது. முளையம் ஒளிபுகவிடும் தன்மையுடையது. ஆகவே நுகம் இரண்டு கலங்களாக, நான்கு கலங்களாகப் பிரிவதை நுணுக்குக்காட்டியினூடாக நேரடியாகவே பார்க்கலாம். ஏறத்தாழ ஒரு நாளில் இதயம் துடிக்கத் தொடங்கும். இரண்டு மூன்று நாட்களில் குஞ்சு வெளிவரும். மூன்று மாதமளவில் அக்குஞ்சே இனம்பெருக்கும். ஆய்வுகூடங்களில் நீரை 28.5 பாகை செல்சியசில் வைத்திருப்பர். வெப்பநிலை குறைந்தால் முளைய விருத்தி மெதுவடையும். வட்டகொடை, தலவாக்கலைப் பக்கம் இம்மீனை வளர்க்க விரும்புவோர் தொட்டிக்கு ஒரு வெப்பமாக்கியையும் வாங்கவேண்டியிருக்கும்!

அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்ரைசிங்கர் இம்மீனைப் பிறப்புரிமையியல் ஆய்வுக்கு ஏற்றதாக்கி, 1981இல் தமது முடிவுகளை வெளியிட்டார். பின்னர் ஜேர்மனியில் கிறிஸ்ரியானே நுஸ்லைன்-வொல்ஹாட் குழுவினரும் அமெரிக்காவின் பொஸ்டன் நகர ஆய்வாளரும் முளைய விருத்தியைப் பாதிக்கும் விகாரங்களை ஆயிரக்கணக்கில் தேடிக் கண்டறிந்து 1996இல் வெளியிட்டனர். 2013இல் வெளியான முழுப் பரம்பரையலகுத் தொகுதி ஆய்வின்படி, மனிதனின் பரம்பரையலகுகளில் ஏறத்தாழ 70 சதவீதமானவற்றுக்கு ஒத்தவை இந்த மீனிலும் உள்ளன. மீனும் மனிதனும் பொது மூதாதை ஒன்றிலிருந்து கூர்ப்படைந்த முள்ளந்தண்டு விலங்குகள் என்பதற்கு இது வலுவான சான்றாகும்.

பொன்னிற விகாரம்

ஸ்ரைசிங்கர் பயன்படுத்திய விகாரங்களுள் ஒன்று 'பொன்னிறம்'. இம்மீன்களின் வரிகள் கருமையாக இராமல் வெளிறிக் காணப்படும். இவ்வியல்பு பின்னிடைவானது. கருமை எதிருருவை 'நி' எனவும் பொன்னிற எதிருருவை 'பொ' எனவும் கொள்வோம். (பரீட்சையில் வழமைபோல் ஆங்கிலப் பெரிய, சிறிய எழுத்துகளையே பயன்படுத்துக.)

பயிற்சி: நிபொ அமைப்புடைய ஆண், பெண் மீன்களைக் கலந்தபோது 240 குஞ்சுகள் கிடைத்தன. எத்தனை பொன்னிறமாக இருக்குமென எதிர்பார்க்கலாம்?

ஆண் புணரிகள்: நி, பொ. பெண் புணரிகள்: நி, பொ. எச்சங்கள்: நிநி, நிபொ, நிபொ, பொபொ. தோற்றவமைப்பு விகிதம் 3:1. ஆகவே பொன்னிறம் 60, கருமை 180. இக்கருமை மீன்கள் 180இல் 120 மீன்கள் பொன்னிற எதிருருவை மறைவாகக் காவுகின்றன. 180 என்று எழுதியதும் பேனாவை வைத்துவிடாதீர்கள். அடுத்த பகுதி வினா பெரும்பாலும் இந்த 120 பற்றியதாகவே இருக்கும்.

கருமையான மீனொன்று நிநி அமைப்புடையதா, நிபொ அமைப்புடையதா என எவ்வாறு அறிவது? பார்வையால் முடியாது. அதனைப் பொன்னிற மீனுடன் கலக்கவேண்டும். ஒரு குஞ்சாவது பொன்னிறமாக இருப்பின் அது நிபொ. அது உண்மையில் நிபொ ஆக இருந்தும், பத்துக் குஞ்சுகளும் தற்செயலாகக் கருமையாக அமைவதற்கான நிகழ்தகவு 1024இல் 1 மட்டுமே. நூறு குஞ்சு தரும் மீனில் ஐயத்துக்கே இடமில்லை. நான்கு பிள்ளைகள் உள்ள குடும்பத்தில் 3:1 விகிதம் அப்படியே தென்படாததன் காரணமும் இதுவே. விகிதம் என்பது எதிர்பார்ப்பு, உத்தரவாதம் அன்று.

மனிதத் தோலுக்கு என்ன தொடர்பு?

இங்கேதான் பாடம் சுவையாகிறது. 2005இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் கீத் செங் குழுவினர் பொன்னிறத்துக்குக் காரணமான பரம்பரையலகைக் கண்டுபிடித்தனர். அதன் பெயர் எஸ்.எல்.சி.24ஏ5. விகாரத்தினால் புரதம் இடைநடுவே நின்றுவிடுகிறது. விளைவாக, மெலனின் மணிகள் எண்ணிக்கையில் குறைந்து, சிறுத்து, வெளிறி விடுகின்றன. மனிதனின் அதே பரம்பரையலகுக்குரிய தூது ஆர்.என்.ஏ.யைப் பொன்னிற மீனின் முளையத்தினுள் செலுத்தியபோது கருமை மீண்டது! மனிதப் புரதம் மீனின் கலத்தில் வேலை செய்தது.

மனிதரில் இப்புரதத்தின் 111ஆவது இடத்தில் அலனின் என்னும் அமினோவமிலத்துக்குப் பதிலாகத் திரியோனின் அமையும் எதிருரு ஒன்று உண்டு. இது தோலின் நிறத்தைக் குறைக்கும். ஐரோப்பியரில் ஏறத்தாழ எல்லோரிடமும் உள்ளது. தென்னாசியாவிலும் இது பரந்து காணப்படுவதையும், ஐரோப்பியரும் தென்னாசியரும் இதனை ஒரே மூதாதை மூலத்திலிருந்து பெற்றதையும் ஐதராபாத் ஆய்வாளர் குமாரசாமி தங்கராஜ் உள்ளிட்டோர் 2013இல் வெளிப்படுத்தினர். வெள்ளையாவதற்கென விற்கப்படும் களிம்புகள் இந்த டி.என்.ஏ. எழுத்தை மாற்றுவதில்லை என்பதையும் போகிற போக்கில் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் ஒரு பொறி உண்டு. மீனின் நிறத்துக்குப் போட்ட 3:1 கணக்கை மனிதத் தோலுக்குப் போடக்கூடாது. ஆபிரிக்கருக்கும் ஐரோப்பியருக்கும் இடையிலான மெலனின் வேறுபாட்டில் 25 முதல் 38 சதவீதத்தையே இப்பரம்பரையலகு விளக்குவதாக 2005 ஆய்வு மதிப்பிட்டது. மீதிக்குப் பல பரம்பரையலகுகளும் சூரிய ஒளி போன்ற சூழற் காரணிகளும் பொறுப்பு. தேயிலை மலையில் நாள்முழுதும் வெயிலில் கொழுந்து பறிப்பவரின் தோல் கருமையடையும். அக்கருமை பிள்ளைக்குக் கடத்தப்படுவதில்லை.

மாதிரி வினா: கருமையான பெற்றோர் மீன்கள் இரண்டிற்குப் பொன்னிறக் குஞ்சுகள் பிறந்தன. பெற்றோரின் பிறப்புரிமையமைப்பு யாது? காரணம் தருக.

விடை: இரண்டும் நிபொ. பொன்னிறக் குஞ்சு பொபொ அமைப்புடையது. அதன் ஒரு 'பொ' தந்தையிடமிருந்தும் மற்றையது தாயிடமிருந்தும் வந்திருக்கவேண்டும். பெற்றோர் கருமையாதலால் ஒவ்வொன்றிலும் ஒரு 'நி' உண்டு.