களப்பணியும் காப்புப் பேழையும்

கீரிப்பாறை ரப்பர் தோட்டங்களில் பால்வெட்டுவோர் பொழுது புலருமுன் எழுந்து செல்பவர்கள். அவர்தம் பேச்சுவழக்கையும் பாடல்களையும் திரட்ட மாணவருடன் நாம் ஆங்குச் சென்றிருந்தோம். மூதாட்டி ஒருவர் பாடி முடித்தபின் கூலி குறித்தும் சில கூறினார். "எம் பேரு மட்டும் வெளிய வரப்பிடாது சாறே" என்றார். வராது என்று வாக்களித்தோம். ஆயின் அப்பதிவு பூட்டில்லாத பென் டிரைவில், நம் சட்டைப்பையில் ஊர் திரும்பியது. பேருந்தில் தவறியிருப்பின் நம் வாக்கு என்னாவது? இவ்வச்சமே இக்கட்டுரைக்குத் தோற்றுவாய்.

2009இல் தோன்றிய டெய்ல்ஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட இயங்குதளம், விலையில்லாதது. கணினியின் வன்தட்டைத் தொடாமல் பென் டிரைவிலிருந்தே இயங்கும். நிறுத்தியவுடன் யாவற்றையும் மறந்துவிடும். வாடகைக் கணினியில் வேலை செய்வோர்க்கு இம்மறதி பெரும்பேறு. எனினும் களப்பதிவு மறைந்துவிடலாகாதன்றோ? அதற்கே நிலைச் சேமிப்பு என்னும் பகுதி உளது. 8 ஜிபி அளவேனும் உள்ள பென் டிரைவில் டெய்ல்ஸை நிறுவி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, பயன்பாடுகளில் 'பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜ்' என்பதைத் திறந்து, கடவுத்தொடர் ஒன்றை இட்டால் எஞ்சிய இடம் மறைகுறியாக்கப்பட்ட பேழையாகிவிடும். அடுத்தமுறை வரவேற்புத் திரையில் அத்தொடரைத் தட்டினாலன்றி அது திறவாது. காக்க வேண்டிய கோப்புகளை அதனுள் உள்ள நிலைக் கோப்புறையிலேயே இடுக. வெளியே வைத்தவை மறைந்துபோகும்.

பேழையின் வலிமை முழுதும் கடவுத்தொடரைப் பொறுத்தது. தமிழாசிரியர் உள்ளம் உடனே ஒரு குறளை நாடும். அது பிழை. குறள்கள் 1330தான், கணினி ஒன்று எளிதில் அத்தனையும் முயன்று பார்த்துவிடும். மாறாக, 1296 நாஞ்சில் வழக்குச் சொற்களைப் பட்டியலிட்டு, 4 பகடைகளை உருட்டி வரும் எண்ணுக்குரிய சொல்லை எடுக்கலாம் (6×6×6×6=1296). இவ்வாறு 7 சொற்களைச் சேர்த்து ஆங்கில எழுத்தில் தட்டினால், பட்டியல் பிறர் கையில் கிட்டினும் அவர் முயலவேண்டிய தொடர்கள் 6-க்குப்பின் 21 சுழி அளவின. நமக்குப் பிடித்த சொல்லைத் தேர்ந்தெடுத்தலாகாது, பகடையே தேர்ந்தெடுக்கட்டும். மாணவர்க்கு இது சொல்லகராதிப் பயிற்சியாகவும் அமையும்!

தொடரை மறந்தால் மீட்க வழியே இல்லை. பென் டிரைவும் பழுதாகும் பொருளே. ஆகவே மற்றொரு பென் டிரைவில் இத்தகைய பேழையொன்று அமைத்துப் படியெடுத்து, வேறோரிடத்தில் வைத்தல் வேண்டும். பென் டிரைவைக் கைப்பற்றியவர்க்கு உள்ளே பேழை உண்டென்பது தெரியும். உள்ளிருப்பது மட்டுமே தெரியாது. இதனால், மூதாட்டியின் பெயரைப் பதிவில் நாம் எழுதவேயில்லை. 'க-7' என்றே குறித்துள்ளோம்.