கத்திக்குச் சாணை பிடிக்கும் முறை

மழுங்கிய கத்தியே கையை வெட்டும். கூரில்லாததால் அழுத்துகிறோம், அழுத்தினால் வழுக்குகிறது. கடையில் கறி நறுக்கும் கத்திக்கும் குர்பானிக் கத்திக்கும் கூர் அவசியம். அறுக்குமுன் கத்தியைத் தீட்டிக்கொள்வது நபி (ஸல்) அவர்கள் ஏவியதுமாகும்.

இதற்குச் சிறிய ‘பெல்ட் சாண்டர்’ போதும். மோட்டாரில் உப்புத்தாள் வார் ஓடும் இயந்திரம் அது. 1 அங்குல அகலமும் 30 அங்குலச் சுற்றளவும் உள்ள வார் பூட்டுவது மலிவு. வாரின் எண் கூடக்கூட மணல் நைசாகும். வாய் உடைந்த கத்திக்கு 120. மற்றவற்றுக்கு 240, பின் 400, பின் 600.

வார் கீழ்நோக்கி ஓடினால் கத்தியின் வாயும் கீழ்நோக்கியே இருக்க வேண்டும். எதிர்த்துப் பிடித்தால் வார் கிழியும்; கத்தி தெறிக்கும். வாரோடு சுமார் 20 பாகை சாய்வு வைத்து, அழுத்தாமல், பிடியருகிலிருந்து சீராக இழுக்கவும். முனை வாரைத் தாண்டுமுன் எடுத்துவிடவும். இல்லையேல் முனை உருண்டுவிடும். மறுபக்கத்தில் பிசிறு விரலுக்குத் தட்டுப்பட்டதும் பக்கம் மாற்றவும். கடைசியில் தோல் வாரில் இழுத்தால் பிசிறு நீங்கும்.

சூடுதான் பெரிய சத்துரு. ஒவ்வோர் இழுப்புக்கும் கத்தியைத் தண்ணீரில் நனைத்துத் துடைக்கவும். வாய் நீலம் பாரித்தால் எஃகின் பதம் போயிற்று. அவ்விடத்தில் கூர் நிற்காது.

கண்ணுக்குக் கண்ணாடி அணியவும். மரத்தூள் இருந்தால் பொறி பற்றும், முன்பே கூட்டிவிடவும். வார் மாற்றுமுன் பிளக்கைப் பிடுங்கவும். பல் வைத்த ரொட்டிக் கத்தி இதற்கு ஆகாது.

முதலில் பழைய கத்தியில் பழகுங்கள். தொங்கும் தாளைச் சிக்காமல் அறுத்தால் வேலை சரி.