முக்கூடலும் மூவகை மின்னாற்றலும்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒருங்கு கூடுதலின் திருமுக்கூடல் எனப் பெயர்பெற்ற ஊர் காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. அவ்வூர்ப் பெருமாள் கோயிற் கல்வெட்டு, 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் 15 படுக்கைகளுடன் நடந்த ஆதுலசாலை ஒன்றைக் கூறுகின்றது. மருத்துவனுக்கு இவ்வளவு, பணிப்பெண்டிர்க்கு இவ்வளவு, மருந்துக்கு இவ்வளவு எனச் செலவினை வகுத்த பின்னரே நம் முன்னோர் அறத்தை நிறுவினர். இம்முறையை உளங்கொண்டு, நம் மாநிலம் தூய மின்னாற்றலிற் கண்ட வளர்ச்சியை ஈண்டு ஆராய்வாம்.

புகையின்றி மின்சாரம் தருவனவற்றுள் நீர், காற்று, வெயில் என்னும் மூன்றும் தலையாயவை. இவற்றுள் மூத்தது நீர். நீலகிரியிற் பைக்காரா மின்னிலையம் 1932-இல் தொடங்கிற்று. 1986-இல் தூத்துக்குடிப் பகுதியில் காற்றாலைகள் தோன்றின. பின்னர் ஆரல்வாய்மொழிக் கணவாயை அடுத்த முப்பந்தலிற் பெருகின. மாநிலத்துக் காற்றாலைத் திறன் இன்று 10,000 மெகாவாட்டிற்கு மேற்பட்டது. 2016-இற் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின்னிலையம் எழுந்தது.

இனிக் கொள்கையை நோக்குவாம். 2012-ஆம் ஆண்டுச் சூரிய ஆற்றற் கொள்கை 2015-க்குள் 3,000 மெகாவாட்டையும், 2019-ஆம் ஆண்டுக் கொள்கை 2023-க்குள் 9,000 மெகாவாட்டையும் இலக்காகக் குறித்தன. இரண்டும் குறித்த காலத்தில் எய்தப்படவில்லை. ஆதலின், இலக்கு வேறு, அதனை எய்தும் வாயில் வேறு என்பது தெளிவு.

மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. காற்று மே முதற் செப்டம்பர் வரையிலுமே மிக வீசும்; வெயிலோ விளக்கேற்றும் வேளையில் மறையும். பாலாறும் அத்தகையதே: ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடந்து, மழைநாளிற் பெருகும். அதற்காக நம் முன்னோர் ஆற்றை வெறுத்தாரல்லர். ஏரி வெட்டி நீரைத் தேக்கினர். மின்னாற்றலுக்கும் ஏரி வேண்டும். கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் மிகுந்த மின்சாரத்தால் நீரை மேலேற்றி, வேண்டும்போது இறக்கி 400 மெகாவாட் வரை பெறுகின்றனர். குந்தாவில் 500 மெகாவாட்டிற்கு இத்தகைய திட்டமே வகுக்கப்பெற்றது. பழைய சிறு காற்றாலைகளை நீக்கிப் பெரியன நிறுவுதற்கும் 2024-இற் கொள்கை பிறந்தது.

இவற்றின் பயன் யாரைச் சேரும்? கைத்தறி நெசவாளர்க்கு இரு திங்களுக்கு 300 யூனிட் மின்சாரம் விலையின்றி அளித்தல் 2023-இல் ஏற்பட்டது. பட்டு நெய்யும் அவர்தம் வீட்டுக்கூரைமீதும் ஆண்டவர் எல்லார்க்கும் பொதுவாய் அருளிய வெயில் வீழ்கின்றது. ஆயின் தகடு வாங்கும் முதற்பொருள் ஏழைக்கு ஏது? அம்முதலுக்கும் வழிவகுக்கும் கொள்கையே முக்கூடற் கல்வெட்டினை ஒத்து நிலைபெறும் என்பது எம் துணிபு.