ஜப்பானியரின் பருவ மலர்கள்

மலர்களைப் பாடிய மக்கள் பலர். மலர்ந்த நாளையும் குறித்துவைத்த மக்கள் சிலரே. ஜப்பானியர் அச்சிலருள் அடங்குவர். அவர்தம் மரங்களையும் மலர்களையும் காலத்தைக் காட்டும் சான்றுகளாக ஈண்டுக் காண்போம்.

ஹைக்கூவில் பருவத்தைச் சுட்டும் சொல் ஒன்று வருதல் மரபு. அதனைக் 'கிகோ' என்பர். அச்சொற்களைப் பருவந்தோறும் வகுத்துத் தரும் தொகைநூல் 'சைஜிகி' எனப்படும். உமே மலர் வந்தால் இளவேனில் தொடக்கம். மேப்பிளின் சிவந்த இலை வந்தால் கூதிர். 'மலர்' என்று வாளா கூறினும் அது செர்ரி மலரையே குறிக்கும். பசுமை மாறாத பைன் பருவத்தைத் தானே உணர்த்தாது. கனசாவாவின் கென்ரொகுஎன் தோட்டத்தில், பனிச்சுமையால் பைன் கிளைகள் முறியாதிருக்க, ஆண்டுதோறும் நவம்பர் 1ஆம் நாள் கயிறு கட்டத் தொடங்குவர். தோட்டக்காரரின் அச்செயலும் குளிர்காலச் சொல்லாகக் கவிதையில் இடம்பெற்றுவிட்டது. முதற்பொருளும் கருப்பொருளும் பயின்ற நமக்கு இம்முறை எளிதில் விளங்கும்.

செர்ரிக்கு இவ்வேற்றம் தொடக்கத்திலேயே கிட்டவில்லை. 8ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பெற்ற 'மன்யோஷூ'வில் ஹாகி என்னும் கூதிர்ப்பூவும், சீனத்திலிருந்து வந்த உமேயும் செர்ரியினும் மிகுதியாகப் பாடப்பெற்றுள்ளன. 730இல் தசாய்ஃபுவில் நிகழ்ந்த உமே விருந்தின் 32 பாடல்கள் அதில் உள. 2019இல் தொடங்கிய 'ரெய்வா' ஆண்டுக்கணக்கின் பெயர் அப்பாடல்களின் முன்னுரையிலிருந்தே எடுக்கப்பட்டது. குளிர் நீங்குமுன் மணத்தோடு மலரும் பூவுக்கு இச்சிறப்புத் தகும் என்றே நாம் கருதுகிறோம்.

இன்று நகரங்களில் மிகுதியாகக் காணப்படும் செர்ரி, 'சோமெய் யோஷினோ' வகையினது. இப்போது டோக்கியோ நகரின் பகுதியாகிவிட்ட சோமெய் என்னும் சிற்றூரின் தோட்டக்காரர்கள் இதனைப் பரப்பினர். விதையால் அன்றி ஒட்டுக்கட்டியே பெருக்கப்படுவதால், மரங்கள் அனைத்தும் மரபணுவில் ஒன்றே. ஆகவே ஓரூரின் மரங்கள் ஒருசேரப் பூத்து ஒருசேர உதிர்கின்றன. கோடையில் உருவாகும் அரும்பு உறங்கும். குளிர்காலக் கடுங்குளிர் அவ்வுறக்கத்தைக் கலைக்கும். பின்வரும் வெப்பம் மலர்த்தும். வெப்பம் முந்தினால் மலரும் முந்தும். ஆயின் குளிர் போதாதவிடத்து உறக்கம் செவ்வனே கலையாமையால் பூத்தல் பிந்துவதும் உண்டு.

கியோட்டோவில் பூவிழாக்களைப் பற்றி அரண்மனையினரும் துறவியரும் எழுதிய நாட்குறிப்புகளிலிருந்து, செர்ரி முழுமையாக மலர்ந்த நாள்களை யாசுயுகி அஓனோ என்னும் ஆய்வாளர் திரட்டினார். அவ்வரிசை 812ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. விழாவுக்காக எழுதப்பட்டது அறிவியலுக்கு ஆவணமாயிற்று! 2021இல் அங்கு மார்ச் 26ஆம் நாளே மரங்கள் முழுமையாக மலர்ந்தன. அதுவரை கிடைத்த குறிப்புகள் அனைத்தினும் இது முந்தியது. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவது. பள்ளிச் சேர்க்கை விழாவோடு இணைத்து எண்ணப்பட்ட மலர், டோக்கியோவில் இப்போது பெரும்பாலும் மார்ச்சிலேயே பூத்துவிடுகிறது. பருவச்சொல் நூலில் நிற்க, மலர் நகர்ந்துகொண்டிருக்கிறது.

இந்நிலையில்தான் நோக்கர்களும் குறைந்தனர். அந்நாட்டு வானிலை நிறுவனம் 1953 முதல் நாடு முழுதும் ஒரே முறையில் மரஞ்செடிகளையும் சிற்றுயிர்களையும் நோக்கிக் குறித்துவந்தது. 2021 தொடக்கத்தில் 57 இனங்களை 6 ஆக்கிற்று. உமே, செர்ரி, மண்ணின் அமிலத்திற்கேற்ப நீலமாகவும் இளஞ்சிவப்பாகவும் பூக்கும் ஹைட்ராஞ்சியா, சுசுகிப் புல், மஞ்சளாகும் கிங்கோ, சிவக்கும் மேப்பிள் ஆகியவை எஞ்சின. தூக்கணமின்றித் தாழ்வாரம் தேடிவரும் தகைவிலானின் வருகையும் சிள்வண்டின் முதற்குரலும் பட்டியலினின்று நீங்கின. அவ்வாண்டிலேயே தேசியச் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனம் பொதுமக்களை அழைத்து, விடுபட்ட உயிர்களை நோக்கும் பணியை அவர்கள் கையில் ஒப்படைக்கத் தொடங்கியது.